உன் கையை உடைத்தது பாத்ரூம் அல்ல

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று மத்தியானம் உன் புது வீடியோவைப் பார்த்தேன். வலது கையில் மாவுக்கட்டு, முகத்தில் அந்தச் சிரிப்பு, பின்னால் உன் சித்தியவான் வீட்டுச் சமையலறை. "வணக்கம் மக்களே, ஒரு நிமிஷம் லா! பாத்ரூம்ல சறுக்கி விழுந்து கை போச்சு. பரவால, இன்னொரு கை இருக்கே!" என்று ஆரம்பித்து, ஒற்றைக் கையால் வேலை செய்ய எளிய வழிகளை வரிசையாகக் காட்டினாய். வெங்காயம் நறுக்கும் பலகை நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. டின்னைத் திறக்க வேண்டுமென்றால் அதை டிராயருக்குள் வைத்து இடுப்பால் நெருக்கிக்கொள்வது. கணினியில் ஷிஃப்ட் பட்டனைப் படபடவென்று தட்டினால், அதற்குப் பிறகு இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்க வேண்டியதில்லை, ஒவ்வொன்றாக அமுக்கினால் போதும் என்பது. எல்லாம் நல்ல யோசனைகள்தான். கீழே சனங்கள் பூவும் கும்பிடும் போட்டுச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண், "அக்கா எங்கண்ணே, ஆளையே காணோம்?" என்று கேட்டதற்கு, "அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்று பதில் போட்டு ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்திருந்தாய்.

பாத்ரூம் பாவம், தம்பி. அது உன்னை ஒன்றும் செய்யவில்லை. உன் கையை உடைத்தவள் நான். குனோங் ராபாட்டில் என் வீட்டு ஹாலில், பட்டப்பகலில், மிளகாய்ச் சம்பால் இடிக்கும் கல்லால் அடித்து உடைத்தேன். சறுக்கவும் இல்லை, கைதவறவும் இல்லை. குறிபார்த்துத்தான் அடித்தேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அனுப்ப மாட்டேன். அந்த வீடியோவுக்குக் கீழேயே போடப்போகிறேன், குடும்பக் குரூப்பிலும் போடப்போகிறேன். உன் மாமா மூன்று வேளையும் போன் போட்டு, "அக்கா, குடும்ப விசயத்த ரோட்டுக்குக் கொண்டு வராதீங்க லா, அவன் பேரு என்னாவும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கூடப் பிறந்த தம்பி என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் அவனுக்கும் நல்லதாக நாலு கொடுத்திருப்பேன். உன் பேர் என்ன ஆகும் என்று கேட்கிறானே ஒழிய, அந்தப் பெண்ணின் காது என்ன ஆயிற்று என்று இதுவரை அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நீ இந்தக் கடிதத்தை அழித்தால் மறுபடி போடுவேன். எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் மொத்தத்தையும் எடுத்து வேறு இடத்தில் ஒட்டலாம் என்று சொல்லிக் கொடுத்தவனே நீதான்.

நீ அந்தச் சேனலைத் தொடங்கியபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஊரடங்கில் வேலை இல்லாமல் வீட்டில் அடைந்து கிடந்தாய். சும்மா இருக்காமல் ஏதோ செய்கிறானே என்று சந்தோஷப்பட்டேன். நான் வேலை செய்த பள்ளிக் கேண்டீனில் ஒருத்தியை விடாமல் பிடித்து உன் வீடியோவைக் காட்டியிருக்கிறேன். பூண்டை மூடி போட்ட டின்னில் போட்டுக் குலுக்கினால் தோல் தானாகக் கழன்றுவிடும் என்று நீ சொன்னதை நம்பி, நாசி லெமாக் சோற்றுச் சம்பாலுக்கு வேண்டிய பூண்டை எல்லாம் அப்படித்தான் உரித்தோம். படம் பார்க்கும்போது நீளமான பட்டனைத் தட்டினால் நிற்கும், பேச்சு இழுத்தால் வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்க்கலாம், போனில் இருப்பதை டிவிக்குத் தள்ளிவிடலாம், தவறுதலாக மூடிய பக்கத்தை மூன்று பட்டன்களை அமுக்கித் திரும்பக் கொண்டுவரலாம், எல்லாம் உன்னிடம் கற்றதுதான். ஜெபக் கூட்டத்தில்கூட, "உங்க மகன் சொன்ன மாரி கெண்டியில எலுமிச்சம்பழம் போட்டுக் காய்ச்சுனேன் அக்கா, பளபளன்னு ஆயிருச்சு" என்பார்கள். எனக்குத் தலை கால் புரியாது.

ஆனால் அந்த வீடியோக்களில் வாய்தான் உன்னுடையது. கை உன் பெண்டாட்டி ஜெசியுடையது. அரிசியில் வண்டு வராமல் காய்ந்த மிளகாய் போட்டு வைப்பது பாரிட் புந்தாரில் அவள் வீட்டுப் பழக்கம். ரப்பர் வைத்த கட்டில் விரிப்பை முனையோடு முனை செருகி மடிப்பது அவள் கண்டுபிடித்தது. மீன் செதிளைக் கரண்டியால் சுரண்டும் வீடியோவில் உன் முகம் மேலே சிரித்துக்கொண்டிருந்தது, அவள் கை கீழே வேலை செய்துகொண்டிருந்தது. அந்த மணிக்கட்டில் வளையல் போட்டதுபோல் நீலமாக ஒரு தடம். நான் அதைப் பார்த்தேன். வெளிச்சம் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டேன். இப்போது அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்க்கிறேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அவள் என் கேட்டுக்கு வந்து நின்றது ஒரு காலைப் பொழுது. கையில் பை இல்லை. ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் உன் செருப்பு. முடியை இடதுபக்கமாக இழுத்துவிட்டுக் காதை மறைத்திருந்தாள், காதிலிருந்து வடிந்த ரத்தம் கழுத்துப் பட்டையில் காய்ந்து ஒட்டியிருந்தது. "அத்தை" என்றாள், அவ்வளவுதான், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்து, "ஏம்மா, பாரிட் புந்தாருக்குப் போகாம இங்க வந்த?" என்று கேட்டேன். குற்றமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டேன். புருஷனிடம் அடி வாங்கியவள் மாமியார் வீட்டுக்கா ஓடுவாள்? அவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்குத்தான் அவரு மொதல்ல வருவாரு அத்தை. உங்ககிட்ட வருவேன்னு அவரு நெனைக்கவே மாட்டாரு." அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வந்ததற்கு முந்தின நாள் நீ கன்னத்தோடு சேர்த்து அடித்ததில் இடது காதில் இரைச்சல் நிற்கவில்லையாம். காது போய்விடுமா, அடிக்கும் புருஷனிடமிருந்து பாதுகாப்பு கேட்டு எங்கே போவது என்று உன் மடிக்கணினியில் தேடிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். உன் கார்ச் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்திருக்கிறாள். நீ உள்ளே வந்து, "என்ன பாத்துக்கிட்டு இருந்த?" என்று கேட்டிருக்கிறாய். "சமையல்" என்றிருக்கிறாள். நீ சிரித்துக்கொண்டே உன்னுடைய மூன்று பட்டன்களை அமுக்கினாயாம். மூடிய பக்கம் திறந்துகொண்டது. அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, அவள் தலைமுடியைப் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவில் மோதினாய். ஒரு தடவை அல்ல. ஃப்ரிட்ஜ் மேல் இருந்த முட்டைத் தட்டு விழுந்து உடைந்ததாம், அதைத் துடைத்துவிட்டுப் படு என்று சொல்லிவிட்டு நீ படுக்கப் போனாயாம். அவள் துடைத்திருக்கிறாள். விடிந்ததும் நீ குளிக்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பியிருக்கிறாள்.

நீ அன்றைக்கே எனக்குப் போன் செய்தாய். "ஜெசி அங்க வந்தாளாம்மா?" என்று கேட்ட குரலில் அவ்வளவு தேன். "வரலையேப்பா, ஏன், என்னாச்சு?" என்றேன். பொய் சொன்னேன், அழகாகச் சொன்னேன், நீயும் நம்பினாய். அவள் போனிலிருந்து சிம் கார்டையே கழற்றி வைத்துவிட்டாள். கிளினிக்கில் காது சவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "நாளைக்கு அத்தை, இன்னிக்கு வேணாம்" என்றாள். சரி, ஒரு நாள் தூங்கி எழுந்திருக்கட்டும் என்று விட்டேன்.

மறுநாள் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் என் தலையை நானே சுவரில் இடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. நெத்திலி சம்பாலும் ரசமும் வைத்து, அவள் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், டிவியைப் போட்டேன். நீ வாங்கிக் கொடுத்த டிவி, உன் கணக்கில் ஓடும் டிவி. உன் முகம், அவள் முகம், என் முகம் என்று மூன்று படம் வரும் இல்லையா, அதில் அவள் படத்தை அமுக்கினேன். பாதியில் விட்ட நாடகம் முதல் வரிசையிலேயே இருக்கும், அங்கிருந்து தொடரலாம் என்று நீ ஒரு வீடியோவில் சொல்லியிருந்தாய். இருந்தது. விட்ட இடத்திலிருந்து ஓடவும் ஆரம்பித்தது. ஜெசி உள்ளே வந்து பார்த்து, "அத்தை, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா!" என்று சிரித்தாள். என் வீட்டுக்கு வந்தபிறகு அவள் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். இரண்டு பேரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தோம். அதே நேரத்தில் சித்தியவானில் உன் போனில், அவள் பெயரில் என் வீட்டு டிவி ஓடுகிறது என்று உனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. என் அருமைப் பிள்ளையிடம் படித்த பாடத்தை வைத்து, அவளை நானே உன்னிடம் காட்டிக் கொடுத்தேன்.

நாடகம் அடுத்தடுத்த பகுதியாக ஓடி, அவள் மறுசோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நீ வந்துவிட்டாய். கேட் சாவி உன்னிடம் ஒன்று இருப்பதையும் நான் மறந்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் எழுந்து, "தம்பி, மொதல்ல உக்காரு, தண்ணி குடி" என்று சொல்லிக்கொண்டே குறுக்கே வந்தேன். நீ என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாய். டிவி மேசை முனையில் என் வாய் பட்டுக் கிழிந்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் சமையலறைப் பக்கம் ஓட, முடியைப் பிடித்து ஹாலுக்கு இழுத்து வந்தாய். அவள் கையில் இருந்த தட்டு விழுந்து சோறும் சம்பாலும் தரையெல்லாம் சிதறின, அதன் மேலேயே அவளை இழுத்தாய். "என்ன அசிங்கப்படுத்தப் பாக்கறியா? போலீசுக்குப் போவியா? போடி பாப்போம், போ!" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அடி. அந்தக் கிழிந்த காதிலேயே அடித்தாய். பிறகு அவளை மல்லாத்தி, மேலே முழங்காலை ஊன்றி, கழுத்தைப் பிடித்தாய்.

நான் கத்தினேன், உன் முதுகில் குத்தினேன், சட்டையைப் பிடித்து இழுத்தேன். உனக்கு உறைக்கவே இல்லை. அவள் கால் தரையில் அடித்துக்கொண்டது, பிறகு அடிப்பது குறைந்தது. அப்போதுதான் சமையலறைக்கு ஓடினேன். கல்லுரலில் இடிகல் இருந்தது. எத்தனையோ வருஷம் நூறு பிள்ளைகளுக்கு மிளகாய் இடித்த கை இது, அந்தக் கல்லை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. உன் தலை எனக்கு நேராக இருந்தது. தலையில் அடிக்கவில்லை. கழுத்தைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டைப் பார்த்து அடித்தேன். காய்ந்த குச்சியை முறித்ததுபோல் சத்தம் வந்தது. நீ கையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தாய்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நீ தரையில் கிடந்தாய், கை தொங்கியது, அவள் உருண்டு சுவர் ஓரமாய்ப் போய் இருமிக்கொண்டிருந்தாள். ஆபத்து விலகிவிட்டது. ஆனாலும் நான் குனிந்து, அதே கையில் இன்னொரு தடவை அடித்தேன். அப்போதுதான் நீ "அம்மா" என்றாய். மூன்றாவது தடவைக்குக் கையை ஓங்கியும் விட்டேன். பக்கத்து வீட்டுச் சீனர் ஆ லெங் சத்தம் கேட்டு அப்போதுதான் ஓடிவந்து, கேட்டுக்கு வெளியே நின்று "ஐயோ ஆன்ட்டி, போதும் போதும்!" என்று கத்தாமல் இருந்திருந்தால் இறக்கியும் இருப்பேன். அவர்தான் போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் செய்தவர். டிவியில் அந்த நாடகம் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

உன் மாமா சொல்கிறான், பிள்ளை எங்கிருந்து இதைக் கற்றான் என்று வீட்டைத்தான் பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டும், நானும் பார்த்துவிட்டேன். உன் அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தோட்டத்தை விற்று நாம் குடியிருந்த லயத்தை இடித்தபிறகு இந்த ஊருக்கு வந்து காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்த்தவர். சாகும்வரை என்மேல் ஒரு விரல் வைத்ததில்லை. ஆமை வேகம் என்று நான்தான் அவரைத் திட்டித் தீர்ப்பேன். யூனிஃபார்ம் சட்டை ஒன்றை இஸ்திரி போட அவருக்கு அரை மணி நேரம் வேண்டும். காலர், தோள், கை, பிறகு முதுகு என்று பாட்டுக் கேட்டுக்கொண்டே தேய்ப்பார். நீ பக்கத்தில் நின்று, "ப்பா, முன்பக்கம் மட்டும் போட்டா போதும், முதுகு நாற்காலியிலதான் சாயப் போவுது, யாரு பாக்கப் போறா?" என்பாய். அவர் சிரிப்பார். அந்த மனிதனைக் குற்றம் சொல்ல நான் விட மாட்டேன்.

ஆனால் ஒன்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். இன்டர்நெட் சுற்றிச் சுற்றி நின்றது என்று அந்தப் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்து மிதித்தாய். கண்ணாடித் துண்டுபோல் பிளாஸ்டிக் சிதறியது. அப்பா மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், விரலில் குத்தி ரத்தம் வந்தது. நீ அவரைத் தாண்டிக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாய். "ஆம்பளப் பிள்ள, கோவம் வரத்தான் செய்யும்" என்று சொன்னவள் நான். மறுநாள் புதுப் பெட்டி வந்துவிட்டது, நாங்கள் மறந்துவிட்டோம். உனக்கு எதுவும் உடனே நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாடகத்தைக்கூட வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்ப்பவன் நீ. ஒரு பெண்ணிடம் உட்கார்ந்து பேசி, அவள் சொல்வதைக் கேட்டு, கோபம் ஆறி, மறுபடி பேசி ஒரு முடிவுக்கு வர நாளாகும். ஓங்கி அறைந்தால் நொடியில் வாயடைத்துவிடும். நீ அதைப் பழகிக்கொண்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்றால், அந்த இரண்டாவது அடியை அடித்தபோது எனக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். முதல் அடியில் பயம் மட்டும்தான் இருந்தது. இரண்டாவதில் ஒரு சுகம் இருந்தது, தம்பி. என் கிழிந்த வாய்க்கும், அவள் காதுக்கும், இத்தனை நாள் ஊரெல்லாம் உன்னைக் காட்டிப் பெருமை பேசியதற்கும் சேர்த்து ஒரே அடியில் கணக்குத் தீர்த்ததுபோல், உடம்பு முழுக்க ஒரு சுகம் ஓடியது. உனக்கு ஒவ்வொரு தடவையும் இதுதானா? இதற்காகத்தானா? நான் உன்னைக் குத்திக் காட்டக் கேட்கவில்லை. பதில் தெரிந்தாக வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

இப்போது நீ மாமா வழியாகச் சொல்லி அனுப்பிய விஷயத்துக்கு வருகிறேன். ஜெசி புகார் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை காலை என்னை வாக்குமூலம் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சண்டை வாய்ச்சண்டைதான், அவள் ஓடும்போது தடுக்கி விழுந்தாள் என்று நான் சொல்ல வேண்டும். நீ ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் விழுந்ததாகச் சொல்லிவிட்டாய். "அம்மா மேல அவன் கேஸ் போடல பாருங்க அக்கா, எவ்ளோ பெரிய மனசு, நீங்களும் கொஞ்சம் விட்டுக் கொடுங்க லா" என்கிறான் மாமா. பெரிய மனசுதான். நீ என்னைக் காப்பாற்றுவதுபோல் காப்பாற்றி, என் வாயைக் கட்டப் பார்க்கிறாய். நான் சொல்லாவிட்டால், அவள் சொல்வதை ஒருத்தரும் நம்பப் போவதில்லை. சிரித்த முகமாய் ஆயிரம் பேருக்கு வழி சொல்பவன் நீ. கல்லை ஓங்கி நின்ற என்னை மட்டும்தான் ஆ லெங் பார்த்தார், அதற்கு முன்னால் நடந்ததற்கு அவளுக்கு இருக்கும் ஒரே சாட்சி உன் அம்மா.

ஆகவே நான் பார்த்ததை எல்லாம் சொல்லப்போகிறேன். செருப்போடு நீ வந்ததிலிருந்து அவள் கால் அசைவு குறைந்ததுவரை. முதல் அடியைச் சொல்வேன், அதற்காக வருத்தப்பட மாட்டேன். இரண்டாவது அடியையும் சொல்வேன், தேவையில்லாமல் அடித்தேன் என்றே சொல்வேன். அதற்கு அவர்கள் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். ஜெசி என் காலைப் பிடித்து, "ரெண்டாவது அடிய மட்டும் சொல்லாதீங்க அத்தை, யாருக்கும் தெரியாது" என்று அழுதாள். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும். நான் என்னுடையதை மறைத்துவிட்டு உன்னுடையதை மட்டும் சொன்னால், பாத்ரூம்மேல் பழி போட்ட உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஜெசி இப்போது என் வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்காதே, மாமாவை விட்டும் கேட்காதே. டிவியிலும் தேடாதே. எல்லாக் கருவிகளிலிருந்தும் ஒரே அமுக்கில் வெளியேறுவது எப்படி என்று நீ போட்ட வீடியோவை, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, செய்து முடித்துவிட்டேன். இப்போது ஹாலில் டிவி கருப்பாக நிற்கிறது. கேட் பூட்டையும் மாற்றிவிட்டேன். ஜெசி புகார் கொடுத்தபிறகு போலீஸ்காரர் வந்து கல்லைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார், மிளகாயை மிக்சியில் அரைக்கிறேன், வாய்க்கு விளங்கவில்லை.

அந்த வீடியோவில் மாவுக்கட்டின் ஓரம் நனைந்து கறுத்திருந்ததைப் பார்த்தேன். குளிக்கும்போது நனைகிறது போலிருக்கிறது. முதலில் ஒரு பழைய துண்டைக் கையில் சுற்று. அதற்கு மேல் ரொட்டி வரும் நீளப் பையைப் போட்டு, முழங்கைக்கு மேலே அகலமான ரப்பரால் கட்டு, இறுக்கிவிடாதே. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் தண்ணீர் ஊற்று. கட்டு ஈரமானால் உள்ளே புண் வைத்துவிடும். அந்தக் கைக்குச் சோறு பிசையப் பழக்கியவள் நான், அது ஒழுங்காகக் கூட வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இதை வீடியோவாகப் போட்டுவிடாதே.

திங்கட்கிழமை காலை நான் ஸ்டேஷனில் இருப்பேன். நீயும் வா. மாமாவைக் கூட்டிவராதே, தனியாக வா, என் பக்கத்து நாற்காலியில் உட்கார். நான் என் இரண்டாவது அடியைச் சொல்லி முடிக்கிறேன். பிறகு நீ, உன் முதல் அடியிலிருந்து தொடங்கு. ஒரு நிமிஷத்தில் முடியாது, தம்பி. எவ்வளவு நேரமானாலும் அம்மா உட்கார்ந்திருப்பேன்.

அம்மா